சப்வூஃபரை மாற்றப் போகிறீர்களா? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, டவுன், மேலப்பாளையம், அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம், இந்தப் பக்கம் வள்ளியூர், திசையன்விளை என்று ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். வரிசை எதுவும் பார்க்கவில்லை. சப்வூஃபர், சுருக்கமாகச் சப், என்றால் அடி பேஸை மட்டும் தருகிற பெட்டி.

செட்டோடு வந்த சப் நன்றாகத்தானே அதிர்கிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்?

மாற்றியே தீர வேண்டும் என்று யார் சொன்னது? செய்தியும் சீரியலும் யூடியூபும் மட்டும் ஓடுகிற வீட்டில் அது போதும்.

ஆனால் அதிர்வது வேறு, ஆழமாக இறங்குவது வேறு. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் என்று ஒரே அட்டைப் பெட்டியில் வரும் செட்டுகளில் பெரும்பாலும் ஆறரை இஞ்ச் அல்லது எட்டு இஞ்ச் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்), மெல்லிய பலகைப் பெட்டியில் இருக்கும். ஹெர்ட்ஸ் எண் குறையக் குறையச் சத்தம் ஆழமாகும். அந்த வூஃபர் 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை கும்மென்று அடிக்கும்; அதற்குக் கீழே போகப் போக மூச்சு வாங்கும். பேஸ் கிடாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். படத்தில் கட்டடம் இடிவது, ஹெலிகாப்டர் இறங்குவது மாதிரி காட்சிகளில் 20, 30 ஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தம் பதிவாகியிருக்கும். சின்ன சப்பில் அதெல்லாம் கேட்காது. எந்தக் காட்சி வந்தாலும் ஒரே மாதிரி "டொம் டொம்" என்று அடித்துக்கொண்டிருந்தால், அதற்கு ஒரு சுருதிதான் தெரியும் என்று அர்த்தம்.

எட்டு இஞ்சை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு போட்டால் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

கோனின் (வூஃபரில் முன்பின் அதிரும் கூம்பின்) பரப்பு ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு ஆகும். அதே அளவு முன்பின் நகர்ந்தாலும் அத்தனை மடங்கு காற்றைத் தள்ளும். இது ஏன் முக்கியம் என்றால், 60 ஹெர்ட்ஸில் தருகிற சத்தத்தை 30 ஹெர்ட்ஸிலும் அதே அளவுக்குத் தர வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். வெறும் வாட்ஸைக் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது. கோன் பெரிதாக வேண்டும், அதிக தூரம் நகர வேண்டும், பெட்டியும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு நல்ல பத்து இஞ்ச் தாராளம். பெரிய ஹாலுக்குப் பன்னிரண்டு. பதினைந்து இஞ்ச் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் அம்மாவிடம் சொல்லியாச்சா?" என்றுதான். அந்தப் பெட்டி சின்ன பீரோ அளவுக்கு இருக்கும்.

அண்ணாச்சி, கடையில் 1000 வாட்ஸ் என்று போட்டிருந்தது. எடுத்துவிடலாமா?

அட்டையில் பெரிதாக அச்சடித்திருப்பது பிஎம்பிஓ. அது விளம்பரத்துக்கான எண். பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் எத்தனை வாட் கரண்ட் இழுக்கும் என்றாவது எழுதியிருக்கும். சுவரிலிருந்து 80 வாட் இழுக்கிற பெட்டி, சப்புக்கு 1000 வாட் எங்கிருந்து கொடுக்கும்?

அசெம்பிள் செட் (உள்ளூர் மெக்கானிக் பாகங்களைச் சேர்த்துச் செய்தது) வாங்குகிறவர்கள் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தாலே கணக்கு தெரிந்துவிடும். 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் என்று வையுங்கள். ரெக்டிஃபை ஆகி டிசி கரண்டாக மாறிய பிறகு இரண்டு பக்கமும் 34 வோல்ட் மாதிரி நிற்கும். 5200–1943 டிரான்சிஸ்டர் போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த 34 வோல்ட்டைத் தாண்டி ஆட முடியாது. ஆக 8 ஓம் வூஃபருக்கு ஐம்பது வாட்டை ஒட்டியும், 4 ஓமுக்கு நூறை ஒட்டியும் கிடைக்கும். நாலு ஜோடி டிரான்சிஸ்டர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது என்று காட்டி 400 வாட் என்று யாராவது சொன்னால் டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டச் சொல்லுங்கள்.

நூறு வாட்டை இருநூறாக்கினால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவுதான். சத்தம் இரட்டிப்பாகத் தோன்றப் பொதுவாக 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே வாட்ஸுக்காக மட்டும் செட்டை மாற்றாதீர்கள்.

அசெம்பிள் செட் வாங்கலாமா, கம்பெனி சப் வாங்கலாமா?

இரண்டுமே வாங்கலாம். நம் பக்கத்து ரேடியோ மெக்கானிக்குகள் கை தேர்ந்தவர்கள். ரிப்பேர் என்றால் போர்டை எடுத்து அதே நாளில் மாற்றித் தருவார்கள், கம்பெனி சர்வீஸுக்குக் காத்திருக்கிற தலைவலி கிடையாது.

அசெம்பிள் சப்பில் வழக்கமாகச் சறுக்குகிற இடங்கள் மூன்று. முதலாவது, அடி பேஸை மட்டும் பிரித்து விடுகிற ஃபில்டர் போர்டு: 4558 ஐசி போட்ட சாதாரண போர்டுகள் பல 150, 200 ஹெர்ட்ஸ் வரை கூட விட்டுவிடும், அப்போது சப்பிலிருந்து ஆண் குரல் முணுமுணுக்கும். இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர்: செம்புக் கம்பியா, அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியச் சுற்று அதே அளவில் சூடு அதிகம் ஏறும். மூன்றாவதுதான் பெரிய ஓட்டை: பெட்டி. வூஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும், போர்ட் குழாய் (பெட்டியில் காற்று வந்துபோகும் குழாய்) எத்தனை இஞ்ச் நீளம் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. ரெடிமேட் பெட்டியில் அகப்பட்ட வூஃபரைத் திருகி, துளைக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகினால் அது ஒரே சுருதியில் ஊதும்.

ஆசாரியிடம் சொல்லி நானே பெட்டி செய்து கொள்ளலாமா?

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் அல்லது எம்டிஎஃப் பலகை, உள்ளே குறுக்குச் சட்டம், மூட்டுகளில் பசை, அதன்மேல் திருகு. காற்று எங்கேயும் கசியக் கூடாது. ஆணி மட்டும் அடித்தால் சில மாதத்தில் மூட்டு விட்டு "ஸ்ஸ்" என்று ஊதும்.

அளவை ஆசாரியிடம் விடாதீர்கள். வூஃபரின் இயல்பைச் சொல்கிற எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்ற மூன்று எண்களும் தெரிந்தால் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டு, எத்தனை லிட்டர், போர்ட் குழாயை எந்த ஹெர்ட்ஸுக்குப் பொருத்துவது (டியூனிங்) என்று பார்த்துவிடலாம். இந்த எண்கள் கொடுக்காத வூஃபரை வாங்கவே வேண்டாம். கார் சப்வூஃபர்களில் அநேகமாக இந்த விவரம் இருக்கும், வீட்டுக்கும் ஒத்துவரும்.

போர்ட் வைத்த பெட்டி, மூடிய பெட்டி இரண்டில் எது என்று அடுத்து கேட்பீர்கள். போர்ட் வைத்தது அதே வூஃபரில் கூடுதல் சத்தம் தரும், ஆனால் டியூனிங்குக்குக் கீழே சட்டென்று செங்குத்தாக விழுந்துவிடும். மூடியது சத்தம் குறைவு, சரிவு மெதுவாக இருக்கும்; சின்ன அறையில் சுவர்களே அடி பேஸைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் இந்தச் சரிவு ஈடாகும். படம்தான் அதிகம் என்றால் போர்ட். பாட்டு அதிகம், அறையும் சின்னது என்றால் மூடியது.

கோயில் கொடைக்கு வருகிற மைக் செட் சப்பை வீட்டில் போட்டால் எப்படி இருக்கும்?

ஜன்னல் எல்லாம் ஆடும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற ஆழம் வராது. பதினெட்டு இஞ்ச் கொடைப் பெட்டிகள் திறந்த வெளியில் நூறு அடிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி செய்யப்பட்டவை. அதற்காக 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் கைவிட்டுவிடுவார்கள். வீட்டுச் சப்பின் வேலை நேர் எதிர்: தூரம் போக வேண்டாம், கீழே இறங்க வேண்டும்.

என் செட்டின் சப் தனியாகக் கரண்ட் எடுக்காது, ஒயர் மட்டும்தான் போகிறது. அதில் புது சப்பை எப்படி மாட்டுவது?

இதுதான் ரொம்பப் பேர் மாட்டிக்கொள்கிற இடம். அந்த மாதிரி சப்பில் ஆம்ப் கிடையாது. டிவிடி பிளேயர் மாதிரி இருக்கிற மெயின் யூனிட்டுக்குள்தான் ஆம்ப். முதலில் மெயின் யூனிட்டின் பின்னால் "சப் அவுட்" என்று ஒற்றை ஆர்சிஏ துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலையே இல்லை, ஒரு ஆர்சிஏ கேபிளில் வேலை முடிந்தது.

இல்லை என்றால், புது சப்பில் ஸ்பீக்கர் ஒயரையே நேரடியாக வாங்கிக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் இருக்கிறதா பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தச் செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் முனையிலும் சிக்னல் ஓடும். அது எர்த்தோ கிரவுண்டோ கிடையாது. அதைப் புது சப்பின் கிரவுண்டில் சேர்த்தால் மெயின் யூனிட்டின் ஐசி போய்விடலாம். கார் ஆடியோ கடைகளில் கிடைக்கிற, உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஹை-டு-லோ கன்வெர்ட்டரை இடையில் போட்டால் இந்த ஆபத்து இல்லை.

மூன்றாவது வழி, மெயின் யூனிட்டுக்கு விடை கொடுத்துவிட்டு ஒரு ஏவி ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஆம்ப், சப் அவுட் எல்லாம் உள்ள தனிப் பெட்டி) வாங்குவது. சப்புக்கு நிறையச் செலவு செய்யத் தயார் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சவுண்ட்பாரோடு வந்த ஒயர்லெஸ் சப்பை மட்டும் மாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியாது. அந்தந்தக் கம்பெனி சப்தான் அதோடு பேசும். சப் அவுட் உள்ள சவுண்ட்பார் மிகக் குறைவு.

எங்கே வைப்பது? டிவிக்குக் கீழே இடம் இருக்கிறது.

இடம் இருக்கிறது என்பதற்காக அங்கே வைக்காதீர்கள். மொத்தப் பக்கத்தில் இந்தப் பதிலை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் புதுச் சப் வாங்காமலே சத்தம் சரியான வீடுகள் பல உண்டு.

நம் வீடுகள் செங்கல் சுவர், மேலே கான்கிரீட். அடி பேஸ் வெளியே போகாமல் உள்ளேயே மோதித் திரும்பும். அறையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஏற்ற ஒரு ஹெர்ட்ஸில் சத்தம் தேங்கி நிற்கும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ் பக்கம், பத்து அடி அகலத்துக்கு 57 பக்கம். பத்துக்குப் பத்து சதுர அறை என்றால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டு கத்தும். அதே ஹெர்ட்ஸ் சுவரோரத்தில் அதிகமாகவும், அறையின் நடு மத்தியில் காணாமலும் போகும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதில் சாய்ந்து படம் பார்ப்பவருக்கு "கும்மு கும்மு" என்று காது அடைப்பதும், நடு ஹாலில் நாற்காலி போட்டவர் "பேஸே இல்லையே" என்பதும் இதனால்தான். இருவரும் ஒரே சப்பைத்தான் கேட்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே சப்பைத் தூக்கி வையுங்கள். பேஸ் கிடார் ஏறி இறங்கி வருகிற பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள், காது சப்பின் உயரத்தில் இருக்கட்டும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கிறதோ, அங்கே சப்பை இறக்கி வையுங்கள். மூலையில் வைத்தால் சத்தம் கூடும்தான், ஆனால் தேங்கலும் கூடும். சோபாவைச் சுவரிலிருந்து ஓரிரு அடி முன்னுக்கு இழுத்தாலே பாதிக் குறை போய்விடும்.

எங்களுடையது பழைய வீடு. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும்.

அப்படியானால் உங்கள் சிக்கல் வேறு. டிவி பட்டாசலில் இருந்தாலும், கதவு திறந்திருக்கிற வரை அடுக்களை வரைக்கும் உள்ள காற்றை எல்லாம் சப் தள்ள வேண்டியிருக்கும். தேங்கல் குறைவு, ஆனால் பெரிய சப் வேண்டும். பன்னிரண்டு இஞ்சுக்குக் குறையாமல் போடுங்கள், போர்ட் வைத்ததாக இருக்கட்டும். மரத் தளம் போட்ட மச்சு என்றால் மேலே தட்டுமுட்டுச் சாமான் சடசடக்கும்.

பீரோ, ஷோகேஸ் எல்லாம் சேர்ந்து ஆடுகிறது. சப் கோளாறா?

இல்லை, நல்ல சப்தான். 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறுகிற சோதனை ஒலி யூடியூபிலேயே கிடைக்கும். அதை ஓடவிட்டு, சடசடக்கிற பொருளை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பாருங்கள். சத்தம் நிற்கிற இடம்தான் குற்றவாளி. அனேகமாக பீரோவின் கைப்பிடி, ஷோகேஸ் கண்ணாடி, சாமி படச் சட்டம், பரண் மேல் அடுக்கிய எவர்சில்வர் குடம் இவற்றில் ஒன்று. கண்ணாடிக்கு ரப்பர் துண்டு, படத்துக்குப் பின்னால் இரண்டு பஞ்சு ஸ்டிக்கர், குடத்துக்கு இடையில் ஒரு பழைய துண்டு. முடிந்தது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் பேஸ் சரியாகுமா?

ஆகாது. 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 19 அடி. அதற்கு முட்டை அட்டை இருப்பதே தெரியாது. பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டாலும் இதே கதைதான். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவே.

கிராஸோவர், ஃபேஸ், லெவல் — இந்தத் திருகுகளை எங்கே வைப்பது?

எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்புக்குப் போக வேண்டும் என்பதுதான் கிராஸோவர். ரிசீவர் இருந்தால் அதை ரிசீவரில் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்பின் பின்னால் உள்ள கிராஸோவர் திருகைக் கடைசி வரை ஏற்றிவிடுங்கள். இரண்டு இடத்திலும் வடிகட்டக் கூடாது. ஸ்பீக்கர் அமைப்பில் "ஸ்மால்" என்று போட மனம் வராமல் "லார்ஜ்" போடுகிறவர்கள் அதிகம். நாலு இஞ்ச் வூஃபருக்கு "ஸ்மால்"தான் சரி. கீழே உள்ள பேஸ் எல்லாம் சப்புக்குப் போகும். ஸ்பீக்கர் ரொம்பச் சின்னது என்றால் 100 அல்லது 120 வரை ஏற்றலாம்.

ஃபேஸ் என்பது சப்பின் அசைவு மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வைக்கும் திருகு. 0, 180 இரண்டிலும் ஒரே பாட்டைக் கேளுங்கள். உட்காரும் இடத்தில் எதில் பேஸ் கூடுதலாக நிறைந்து கேட்கிறதோ அதுவே சரி.

ரிசீவரின் மைக் வைத்து ஆட்டோ செட்டிங் ஓட்டும்போது சப்பின் வால்யூம் பாதியில் இருக்கட்டும். முடிவில் சப் லெவல் மைனஸ் 12 என்று கடைசியில் போய் நின்றால், சப் வால்யூமைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். சப் உட்காரும் இடத்திலிருந்து எட்டு அடியில் இருக்க, ரிசீவர் பதினான்கு அடி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். சப்புக்குள் இருக்கிற சர்க்யூட்டின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்கிடுகிறது. அதைக் கையால் திருத்தாதீர்கள்.

ஒரு பெரிய சப்பா, இரண்டு சின்ன சப்பா?

ஒரே ஆள் ஒரே நாற்காலியில் என்றால் பெரியது ஒன்று. குடும்பமாக வரிசையாக உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்றால் ஒரே மாதிரியான இரண்டு சப்பை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வையுங்கள். ஒரு இடத்தில் கும்முவதும் இன்னொரு இடத்தில் காணாமல் போவதும் வெகுவாகக் குறையும். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு அளவு என்று கலக்காதீர்கள்.

ஓயாமல் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வருகிறது.

சப்பிலிருந்து ஆர்சிஏ கேபிளைப் பிடுங்குங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு சப்புக்குள்ளேயே, அனேகமாகக் கெப்பாசிட்டர். நின்றுவிட்டால், வெளியே சாதனங்களின் எர்த் ஒன்றோடொன்று வளையமாகச் சேர்ந்து கரண்ட் சுற்றுகிறது. அடுத்து செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கிற கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பாதி வீடுகளில் அங்கேயே நின்றுவிடும். டிவி, ரிசீவர், சப் மூன்றையும் ஒரே சுவர் பாயிண்டிலிருந்து எடுப்பதும் உதவும்.

பிளக்கின் எர்த் முனையை உடைத்தால் இரைச்சல் போகும் என்று யாராவது சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள், உயிர் விஷயம். சொல்லப்போனால், பாயிண்டில் மூன்று துளை இருந்தாலும் எர்த் ஒயர் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா? இடி மின்னலுக்கு?

சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஓட்டலாம். ஸ்கொயர் வேவ் என்றால் சப்பை அணைத்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இரையும், சூடேறும். ஐப்பசி, கார்த்திகையிலும் கோடை மழையிலும் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குங்கள், கேபிள் டிவி ஒயரையும் சேர்த்து. அந்த ஒயர் வழியாக இறங்கி, டிவி, எச்டிஎம்ஐ என்று வரிசையாகச் சுட்டுவிட்டுப் போகும். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது.

நாங்கள் இருப்பது வளவு வீடு. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரே சுவரைப் பகிர்ந்த வீடுகளில் வசனம் கடக்காது, பேஸ் கடந்துவிடும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபெல் வரம்பு. பொதுச் சுவரை விட்டுத் தள்ளி வைப்பது, கீழே தடித்த ரப்பர் பாய் போடுவது இரண்டும் தரை வழியே போகிற அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். காற்று வழியே போவதை அவை தடுக்காது. ரிசீவரில் நைட் மோட் (பெரிய சத்தங்களை அடக்கும் அமைப்பு) இருந்தால் பத்து மணிக்கு மேல் அதைப் போடுங்கள், சப் லெவலையும் இறக்குங்கள்.

பல்லி போர்ட் குழாய்க்குள் போய்விடுகிறது.

சிரிக்கிற விஷயம் இல்லை, ஆம்ப் போர்டில் பல்லி விழுந்து ஷார்ட் ஆகிறது உண்டு. பெரிய துளை உள்ள வலையைக் குழாயின் உள்வாயில் ஒட்டுங்கள். கொசு வலை வேண்டாம், காற்று அதில் சீறும்.

பழைய சப்பை என்ன செய்வது?

முதலில் அது செத்துவிட்டதா என்று பாருங்கள். கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசுகிற சத்தம் வந்தால் காயில் (கோனை நகர்த்தும் கம்பிச் சுருள்) போய்விட்டது. மல்டிமீட்டரில் 4 ஓம் வூஃபர் 3.2 முதல் 3.6 ஓம் வரை காட்டினால் காயில் நலம். ஓரத்து ஃபோம் மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால், நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது வழக்கம்தான். ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் ஓரம் மாற்றித் தருவார்கள், ரப்பர் ஓரமாகக் கேளுங்கள். சரியானதும் 7294 ஐசி போட்ட ஆம்ப் போர்டு ஒன்றை இணைத்து, மாடி அறை டிவிக்குப் போட்டுவிடலாம். புதுச் சப்போடு சேர்த்து ஒரே ஹாலில் மட்டும் ஓட்ட வேண்டாம்.